பொட்டில்லாத பெட்டி

அந்தப் பட்டறையில் பொட்டு வைக்காத பொருள் எதுவும் இல்லை. லேத்து, டிரில்லிங் மெஷின், எடைத் தராசு, தீயணைப்பு வாளி, ஃபேன் ரெகுலேட்டர், வாட்ச்மேனின் சைக்கிள் என்று, நேற்று ஆயுத பூஜைக்குக் கரைத்த சந்தனம் கண்ணில் பட்டதன் மேலெல்லாம் காய்ந்து கிடந்தது. கழிவறைக் கதவின் தாழ்ப்பாளைக்கூட விட்டுவைக்கவில்லை.

மதிவதனி இரண்டு சுற்று சுற்றிவிட்டு அதே தூணின் அடியில் வந்து நின்றாள்.

தூணில், ஆள் உயரத்துக்கும் மேலே, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. கூரையடியில் ஓடும் ஹாய்ஸ்டை, அதாவது சங்கிலியும் கொக்கியுமாகப் பாரம் தூக்கும் யந்திரத்தை, ரிமோட்டில் இயக்குவதற்காகப் பொருத்திய பெட்டி. அதன் முகத்தில் கருஞ்சிவப்பாக ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. ரிமோட்டின் வெளிச்சம் போய் விழ வேண்டிய கண் அது.

துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

"ராஜுலுண்ணா, இதுக்கு மட்டும் ஏன் பொட்டு இல்லை?"

கோவிந்தராஜுலு அண்ணாந்து பார்த்தார். மில் வேலையில் ஓய்வு பெற்றபின் மதிவதனியின் காந்திபுரம் ஆபீசில் உதவியாளராகவும், அவளுடைய ஓட்டை வேனுக்கு டிரைவராகவும் சேர்ந்தவர். சம்பளத்துக்கு வேலை, நக்கல் இலவசம் என்பது அவர் கொள்கை.

"கோவிச்சுக்கிட்டுப் பூஜைக்கு வரலையோ என்னமோங்க அம்மணி. என்ற மச்சினனும் அப்படித்தான். எல்லாரும் நெத்தி நெறைய பூசிட்டு நிப்பாங்க, அவன் மட்டும் மூஞ்சி கழுவிட்டு வாசல்ல நிப்பான்."

மதிவதனி சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை. பட்டறை வாசலில் நின்ற போலீஸ் ஜீப்பின் பின் சீட்டில் பிரவின்குமார் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். குற்றம், கொலை முயற்சி.

காலையில் நடந்தது இதுதான். விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து மெயின் ஸ்விட்சைப் போட்டு, ஹாய்ஸ்டில் முதல் தூக்கு. தண்ணீர் மோட்டாரின் இரும்பு வார்ப்பு ஒன்றுக்கு மாலை போட்டு மாட்டினார்கள். முதலாளியம்மாவே ஒயரில் தொங்கும் ஸ்விட்சின் பச்சைப் பொத்தானை அமுக்கித் தூக்கினார். கைதட்டினார்கள். பொரியும் கடலையும் கைமாறிக்கொண்டிருந்தபோது, அந்தரத்தில் நின்ற வார்ப்பு தானாக இறங்கியது. கீழே குனிந்து சூடத் தட்டை எடுத்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் பாலகோபாலின் வலது காலின் மேல் வந்து நின்றது. ஆஸ்பத்திரியில், கால் தப்புமா என்று இன்னும் சொல்லவில்லை.

கறுப்புப் பெட்டி தன் நினைவில் வைத்திருந்தது ஒரே ஒரு விஷயம். ரிமோட்டிலிருந்து 'இறக்கு' வந்தது.

அந்த ரிமோட், ஹாய்ஸ்ட் ஆபரேட்டரான பிரவின்குமாரின் இடுப்புப் பையில் இருந்தது. போன வாரம்தான் லீவு விஷயமாக அவனுக்கும் பாலகோபாலுக்கும் சண்டை. "ஒரு நாளைக்கு உங்க மேலயே இறக்கறனா இல்லையா பாருங்க" என்று அவன் கத்தியதைப் பட்டறையே கேட்டிருந்தது.

ஹாய்ஸ்டுக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனி, வழக்கம்போல் மதிவதனியை விசாரணைக்கு அனுப்பியது. மூன்று வருஷம் பீளமேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இந்த மாதிரிப் பெட்டிகளின் வயிற்றுக்குள் வேலை பார்த்தவள் அவள். கேஸ் அடுப்பை அடைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ரகம். எதையும் வரிசையாகத்தான் செய்வாள். செய்து முடித்தபின், சரியாகத்தான் செய்தோமா என்று முதலிலிருந்து கவலைப்படுவாள்.

"பொட்டு இருந்துச்சுங்க."

தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பிரவினின் மனைவி செவ்வந்தி. காலையிலிருந்து ஜீப்புக்கும் பட்டறைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தவள். கையில் போன்.

"அந்தப் பெட்டிக்குத்தாங்க அவரு முதல்ல வெச்சாரு. பாருங்க, தூக்கினவுடனே எனக்கு அனுப்பிச்ச போட்டோ."

போட்டோவில் பிரவின்குமார் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்குப் பின்னால் மாலை போட்ட வார்ப்பு அந்தரத்தில். அதற்கும் பின்னால் தூணில் கறுப்புப் பெட்டி. அதன் வட்டக் கண்ணாடியை முழுசாக மூடி, பத்து ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம்.

"வட்டமா நெத்தி மாதிரி இருந்துச்சு, அதுலயே வெச்சேன்னு பெருமையாச் சொன்னாருங்க."

"நெத்தின்னு நெனச்சுக் கண்ணை மூடிப்போட்டாப்பல" என்றார் ராஜுலு.

மதிவதனி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணை மூடிய பெட்டிக்கு ரிமோட் எப்படித் தெரிந்தது?

இன்ஸ்பெக்டர் தெய்வாத்தாள் கூப்பிட்டவுடன் வந்தார். அதிகம் பேசாதவர். பூஜைத் தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தை ராஜுலு தண்ணீர் விட்டுக் குழைத்தார். முதலில் கண் திறந்திருக்கும்போது இன்ஸ்பெக்டர் ரிமோட்டை அமுக்கினார். வெறும் கொக்கி இறங்கியது, மறுபடி மேலே ஏறியது. பிறகு ராஜுலு ஸ்டூலில் ஏறிப் பெட்டிக்குப் பொட்டு வைத்தார். இன்ஸ்பெக்டர் அமுக்கினார். பக்கத்தில் போய் அமுக்கினார். கொக்கி அசையவே இல்லை.

செவ்வந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரிங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "பொட்டு இருந்தா ரிமோட் வேலை செய்யாது. அதனால? போட்டோ எடுத்து அனுப்பிச்சுப்போட்டு, அவனே ஏறித் தொடச்சுட்டு அமுக்கியிருக்கலாமில்லீங்களா? பொரி வாங்கற கூட்டத்துல யாரு ஸ்டூல் மேல ஏறினாங்கன்னு யாரு பார்த்தா? நான் பெட்டியைக் கவனிச்சப்ப பொட்டு இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மதிவதனி ரிமோட்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். கேள்வி நியாயமானது. தான் பார்க்க ஆசைப்பட்டதைத்தான் பார்த்துவிட்டோமோ என்று உள்ளே பழைய பூச்சி குடைய ஆரம்பித்தது. சரி, அடுத்த படி.

"மேடம், இந்தப் பெட்டியைத் திறக்கலாங்களா? சீல் இன்னும் கிழியலை. காலைல இருந்து யாரும் திறக்கலைன்னு நீங்களே சாட்சி."

"திறந்து?"

"ஒரு கீபோர்டை மாட்டிப் பார்க்கணும்."

"டைப் அடிச்சா குற்றவாளி பேரு வருங்களா?" என்றார் ராஜுலு. "இது தெரிஞ்சிருந்தா ஸ்டேஷன்ல பாதிப் பேருக்கு வேலை இருக்காதே."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ராஜுலு ஸ்டூலைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

கணக்கு அறையிலிருந்து ஒரு கீபோர்டு வந்தது, பொட்டோடு. மதிவதனி சீலைக் கிழித்து, தன் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தாள். கை வேலை செய்ய, வாய் பேசிக்கொண்டே இருந்தது.

"இதுக்குள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்குதுங்க. அதை நடத்தற மென்பொருளோட அடி ஆழத்துல இருக்கறது கெர்னல். ரிமோட் அனுப்பறது வெறும் மினுக்கல், நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அந்த மினுக்கலை எண்ணாக்கி, எண்ணைப் பட்டியல்ல பார்த்து, இது 'ஏத்து', இது 'இறக்கு'ன்னு பொத்தான் பேராக்கி மேல சொல்றது கெர்னல்தான். ஹாய்ஸ்டுக்குக் கண்ணும் தெரியாது, ரிமோட்டும் தெரியாது. கெர்னல் 'இறக்கு'ன்னா இறக்கிடும்."

"சரிங்க."

"பொத்தானை அமுக்கற சாமான் எது வந்து சேர்ந்தாலும் கெர்னல் அதுக்கு ஒரு வரிசை எண் கொடுக்கும். அந்தச் சாமான் போயிட்டாலும் எண்ணைத் திருப்பி யாருக்கும் தராது. பவரை அணைச்சுப் போட்டாத்தான் மறுபடி முதல்ல இருந்து."

"டாக்டர் வீட்டு டோக்கன்" என்றார் ராஜுலு. "சீக்காளி எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிட்டாலும் நம்ம நம்பர் முன்னாடி வராது."

"அதேதான்ணா. பெட்டியோட பவர் பொத்தான் பூஜ்யம். ரிமோட் கண்ணு ஒண்ணு. இன்னைக்குக் காலைல மெயின் போட்டதுக்கப்புறம் வேற எதுவும் வரலைன்னா, இந்தக் கீபோர்டுக்கு ரெண்டு கிடைக்கணும்."

மாட்டினாள். திரையில் ஒரு வரி எழுந்தது.

மூன்று.

இன்ஸ்பெக்டரும் குனிந்து பார்த்தார். "ரெண்டு எங்கீங்க?"

"வந்துட்டுப் போயிருக்குதுங்க மேடம். சீல் கிழியாம, ஒயர் இல்லாம, யாரு கண்ணுக்கும் படாம உள்ள வந்து, வேலையை முடிச்சுட்டுப் போயிருக்குது."

"பேயா?"

"பொய்க்கண்" என்றாள் மதிவதனி. பழைய கம்பெனியில் ராப்பகலாக அதோடு மாரடித்தவள் அவள். "கையில ரிமோட் இல்லாம ரிமோட்டைச் சோதிக்கறதுக்குன்னே கெர்னலுக்குள்ள ஒரு வசதி உண்டு. மென்பொருளே ரிமோட் மாதிரி அனுப்பும், மென்பொருளே கண்ணு மாதிரி வாங்கிக்கும். நெட் வழியா இந்தப் பெட்டிக்குள்ள யாரோ அதை எழுப்பியிருக்காங்க. கெர்னலுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரிமோட்ல இருந்து 'இறக்கு' வந்துச்சுன்னுதான் எழுதி வைக்கும்."

"யாரோன்னா?"

"பெட்டியைச் செஞ்சவங்க. அவங்களாலதான் முடியும்."

தெய்வாத்தாள் ஜீப்பைப் பார்த்தார். பிறகு செவ்வந்தியை. "பெட்டி செஞ்ச நவநீத் சார் காலைல அவரே வந்து ரிமோட்டை வேலை செய்ய வெச்சுக் காட்டினாருங்க. நல்ல மரியாதையான பையன். நீங்க சொல்ற ரெண்டாம் நம்பரைக் கோர்ட்ல சொன்னா சிரிப்பாங்க. எனக்கு ஆளு வேணும், இல்லைன்னா எப்படி இறங்குச்சுன்னு கண்ணுல காட்டணும். நான் ஜீப் எடுக்கற வரைக்கும்தான் உங்களுக்கு நேரம்."

*

பீளமேட்டுக்குப் போகும் வழியெல்லாம் டவுன் பஸ்கள் முகத்தில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு எதிரே வந்தன. வேனின் ஸ்பீடோமீட்டர் மேலேயும் ராஜுலு பெரிதாகப் பொட்டு வைத்திருந்தார்.

"எவ்வளவு வேகத்துல போறோம்ணா?"

"சாமிக்குத்தான் தெரியுங்க அம்மணி."

"நவநீத் சார் எதுக்குண்ணா அப்படிப் பண்ணணும்? சொந்தப் பெட்டியைச் சொந்தக் கையாலயே கெடுப்பாரா? எனக்கே சரியாப் படலை."

"நீங்க ஒருக்காவாவது உங்களுக்கே சரின்னு பட்டு நான் பார்த்ததில்லீங்க. இறங்குங்க, வந்தாச்சு."

நவநீத்தின் ஆபீஸ் இரண்டாவது மாடியில். கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசம். முப்பது பேர் வேலை செய்யும் கூடத்தில் ஒரு திரையும் எரியவில்லை. லேப்டாப்புகளை எல்லாம் சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கி, மேலே பூப் போட்டிருந்தார்கள்.

நவநீத்துக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பட்டு வேட்டி, தூக்கமில்லாத கண்கள். விஷயத்தைக் கேட்டபின்பும் குரல் உயரவில்லை.

"எங்க ஆபீஸ்ல இருந்து யாரோ அனுப்பினாங்கன்னு சொல்றீங்க. தப்பா நினைச்சுக்காதீங்க, இந்தப் பக்கம் வாங்க."

மேஜை மேல் வரிசையாகக் கீபோர்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் நாலைந்து பொத்தான்களை ஒன்றாகச் சேர்த்து அப்பிய சந்தனம், காய்ந்து ஓடாகியிருந்தது. ஒன்றில்கூட விரிசல் இல்லை.

"நேத்து சாயங்காலம் வெச்சது. ஒரு எழுத்து தட்டியிருந்தாலும் உடைஞ்சிருக்கும். மறுபூஜை முடியற வரைக்கும் இங்க யாரும் கம்ப்யூட்டரைத் தொட மாட்டாங்க, எங்கப்பா காலத்துப் பழக்கம். அந்த நேரத்துல நாங்க முப்பது பேரும் இதே கூடத்துல சாமி கும்பிட்டுட்டு இருந்தோம். வீடியோ இருக்குது, பார்க்கறீங்களா?"

மதிவதனி கீபோர்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். காலையில் ஒரு பொட்டை வைத்து அவள் கட்டிய வழக்கை, முப்பது பொட்டை வைத்து அவன் இடித்துவிட்டான். யாரும் தொடவில்லை. அது உண்மை, கண்ணெதிரே இருக்கிறது. அப்படியானால் இரண்டாம் எண்? தான்தான் தப்பாக எண்ணிவிட்டோமா? பூஜ்யத்திலிருந்துதானே எண்ணினோம்?

"பொரி எடுத்துக்குங்க" என்று ஒரு தட்டு நீண்டது. தட்டை நீட்டிய பெண்ணின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அக்ஷிதா, மென்பொருள் சோதனைப் பிரிவு. தட்டில் பொரி லேசாகக் குதித்துக்கொண்டிருந்தது.

மதிவதனி பொரியை எடுக்கவில்லை. யாரும் தொடவில்லை என்றால், தொடத் தேவையே இல்லாத ஒன்று. அவள் கூடத்தின் மூலைக்கு நடந்தாள். அங்கே ஒரு இரும்பு அலமாரியில், பட்டறைத் தூணில் பார்த்த அதே கறுப்புப் பெட்டியின் உடன்பிறப்பு ஒன்று. அதற்கும் பொட்டு, கனமான சாமந்தி மாலை. பக்கத்து ஸ்விட்சு அணைந்திருந்தது.

ராஜுலு பின்னாலேயே வந்து மாலையைத் தூக்கிப் பார்த்தார்.

"பூவுக்கடியில என்னமோ ஒட்டியிருக்குதுங்க அம்மணி."

சிவப்பு ஸ்டிக்கர். 'எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள்.'

"இதை யாரு ஆஃப் பண்ணினது?"



"நான்தாங்க" என்றாள் அக்ஷிதா. "எல்லா மெஷினுக்கும் ஓய்வு குடுக்கறோம், இதுக்கு மட்டும் எதுக்கு வேலைன்னு... சாமிக்கு வெச்சுப்போட்டு நானே அணைச்சேன்."

"என்ன வேலை செய்யும் இது?"

"தினம் காலைல ரிமோட் சோதனை தானா ஓடுங்க. எங்கயோ வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்ல இருந்து வரும். இந்தப் பெட்டிக்குள்ள பொய்க்கண்ணை எழுப்பி, ஒவ்வொரு பொத்தானா அனுப்பும். ஒருத்தர் அமுக்கினபடியே இருந்தா கெர்னல் சரியாப் புரிஞ்சுக்குதான்னும் பார்க்கும்."

"அமுக்கினபடியே எந்தப் பொத்தானை?"

அக்ஷிதாவின் உதடு மட்டும் அசைந்தது. 'இறக்கு.'

"அது எங்க ஆபீஸ் பெட்டிக்கு மட்டுங்க" என்று நவநீத் நடுவில் வந்தான். "பெட்டி அணைஞ்சிருந்தா சோதனை நின்னுபோயிடும். அவ்வளவுதான்."

"நிக்காதுங்க சார்."

அக்ஷிதா பொரித் தட்டோடு முன்னால் வந்தாள்.

"நிக்காது" என்றாள் அக்ஷிதா மறுபடி, இந்த முறை மதிவதனியைப் பார்த்து. "ஒரு பெட்டி கிடைக்கலைன்னா, அதே சோதனைக் குழுவுல உயிரோட இருக்கற வேற பெட்டியைத் தேடும். கிடைக்கற வரைக்கும் தேடிட்டே இருக்கும். அந்தப் பட்டறைப் பெட்டியை முதல்ல இங்கதாங்க வெச்சு ஓட்டிப் பார்த்தோம். கொண்டுபோய் மாட்டினப்ப குழுவுல இருந்து எடுக்க மறந்துட்டோம்."

மதிவதனிக்குக் காலை முழுக்க ஒரே வரிசையில் வந்து நின்றது. விடிந்ததிலிருந்து உயிருள்ள பெட்டியைத் தேடி அலைந்த சோதனை. அங்கே நல்ல நேரம் பார்த்து மெயின் ஸ்விட்சைப் போடுகிறார்கள். பெட்டி கண் விழிக்கிறது. வார்ப்பு மேலே போகிறது, கைதட்டுகிறார்கள். கதவு திறந்த வீடு கண்டதுபோல் சோதனை உள்ளே நுழைகிறது.

"குற்றவாளியே இல்லீங்களா?" என்றார் ராஜுலு. அவர் குரலில் நக்கல் இல்லை.

"அக்ஷிதா, நீ உள்ள போ" என்றான் நவநீத். "இது எல்லாம் கதைங்க. நிரூபிக்க முடியுமா? முப்பது குடும்பம் இதை நம்பி இருக்குது. பட்டறையில ஒருத்தன் கோவத்துல அமுக்கினான், அதுக்கு எங்க தலையை உருட்டறீங்க."

மதிவதனி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஜீப் எடுத்துட்டீங்களா?"

"ஏறப் போறேன்."

"ஒரு நிமிஷம் உள்ள போங்க. ஹாய்ஸ்டுக்குக் கீழ யாரும் நிக்க வேண்டாம். கொக்கி மேல இருக்குதுங்களா? ராஜுலுண்ணா வெச்ச பொட்டு?"

"அப்படியே இருக்குது."

"ரிமோட்ல இருந்து பேட்டரியைக் கழட்டிக் கையில வெச்சுக்குங்க."

போனில் ஆட்களை விரட்டும் சத்தம். மதிவதனி அக்ஷிதாவைப் பார்த்தாள். "அதே சோதனையை இப்ப ஓட்ட முடியுமா?"

"போன்லயே முடியுங்க."

"வேண்டாம் அக்ஷிதா" என்றான் நவநீத். முதல்முறையாக அவன் குரல் உடைந்தது. "கம்பெனி போயிடும். புரியுதா உனக்கு?"

"ஒருத்தரு ஜெயிலுக்குப் போறாருங்க சார்." அவள் பொரித் தட்டை ஒரு கீபோர்டின் மேல் வைத்தாள். சந்தன ஓடு பொடிந்தது. போனை எடுத்து இரண்டு இடத்தில் தொட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

போனில் இன்ஸ்பெக்டரின் மூச்சு மட்டும் கேட்டது. நவநீத் சுவரில் சாய்ந்தான். மதிவதனி போனைக் காதுக்கு அருகே கொண்டுபோனாள். இறங்காவிட்டால்? இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிவிடுவார். அவள் சொன்ன எதையும் இனி யாரும் கேட்க மாட்டார்கள். பிரவின்குமாரை அவளே ஜெயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி ஆகிவிடும். எங்கே விட்டோம், எந்தப் படியை விட்டோம்...

கட். கட கட கட கட கட.

ஸ்பீக்கரில் சங்கிலிச் சத்தம் கூடத்தை நிறைத்தது. அங்கே யாரோ ஒரு பெண் அலறினாள்.

"இறங்குதுங்க" என்றார் தெய்வாத்தாள். "நிக்காம இறங்குது. பேட்டரி என்ற கையில இருக்குது. பொட்டு அப்படியே இருக்குது." தரையில் இரும்பு மோதும் ஒலி. "காலைலயும் இப்படித்தான் இறங்குச்சுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க."

ராஜுலு மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்து நவநீத்தின் பின்னால் போட்டார். அவன் உட்கார்ந்தான்.

"நவநீத் சார் பக்கத்துல இருக்காருங்களா?" என்றது போன்.

"இருக்கேனுங்க."

"காலைல வந்தவுடனே ஸ்டூல் போட்டு ஏறினீங்க. தூசி தட்டறேன்னு கர்ச்சீப்ல தொடச்சீங்க. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். என்ன தூசிங்க அது?"

நவநீத் தன் பட்டு வேட்டியின் கரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இறங்குச்சுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க மேடம். பொட்டைப் பார்த்தவுடனே..."

"ரிமோட் காரணம் இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுபோச்சு, தொடச்சுட்டீங்க" என்றாள் மதிவதனி.

அவன் மெல்லத் தலையாட்டினான்.

"அங்கயே இருங்க சார். வாரேன்" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு போனை விலக்கி யாரிடமோ பேசுவது கேட்டது. "ஏப்பா, ஜீப்ல இருக்கற பையனைக் கூட்டிட்டு வா. இல்லப்பா, கையைப் புடிக்க வேண்டாம். சும்மா வரச் சொல்லு."

செவ்வந்தியின் குரல் எழுந்து, சொல்லாகாமலே உடைந்தது. யாரோ ஓடும் சத்தம். மதிவதனி அழைப்பைத் துண்டிக்கப் போனபோது, ஒரு ஆண் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"ஏனுங்க, மேடம். நான் பிரவின் பேசறேனுங்க."

"சொல்லுங்க பிரவின்."

"நான் அமுக்கலைங்களா?"

மதிவதனிக்கு முதலில் புரியவில்லை.

"எல்லாரும் காலைல இருந்து நீதான் அமுக்கினே, நீதான் அமுக்கினேங்கறாங்க. ரிமோட் இடுப்புலதான் இருந்துச்சு. கூட்டத்துல இடிச்சாங்க. அப்ப என்ற கை பட்டு அமுந்திருக்குமோன்னு, ஜீப்ல உக்காந்து நெனச்சு நெனச்சு, ஆமா நான்தான்னே முடிவு பண்ணிப்போட்டேனுங்க. கையெழுத்துப் போடச் சொன்னாப் போட்டிருப்பேன். பாலகோபால் சார் காலுக்கு நான் காரணம் இல்லைங்களா?"

"இல்லை. நீங்க அமுக்கலை."

"நல்லாத் தெரியுங்களா மேடம்?"

அலமாரியில் பெட்டி அணைந்தே கிடந்தது. அக்ஷிதா அழுதுகொண்டிருந்தாள். மதிவதனி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"நல்லாத் தெரியும். நீங்க அமுக்கலை."

அவன் இன்னொரு முறை கேட்டான். அவள் இன்னொரு முறை சொன்னாள்.